ஓய்வு பெற்றோர் பெயரால் ஒரு நகரம்



உழைத்து முடித்த மனிதனின் முன்னே ஒரு கேள்வி வந்து நிற்கும். 'எஞ்சிய நாட்களை எங்கே, யாரோடு கழிப்பது?' என்பதே அக்கேள்வி. இளமையில் நாம் அதை எண்ணிப் பார்ப்பதில்லை. அறுபதைக் கடந்த பின்னரோ அதை எண்ணாமல் இருக்க முடிவதில்லை.

இக்கேள்விக்கு விடை தேடி, அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளின் குளிரைத் தாங்க முடியாத முதியவர்கள் பலர் ஒரு வெப்ப நகரத்தை நாடிச் செல்கின்றனர். மெக்ஸிகோ நாட்டின் தென்கிழக்கே, யுகத்தான் மாநிலத்தின் தலைநகராக விளங்கும் மெரிதாவே அந்நகரம். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்வோர் ஏறத்தாழ 10 லட்சம் பேர். வாருங்கள், மனத்தால் அந்நகரத்துக்குச் சென்று, அங்கே முதுமை எவ்வாறு கழிகிறது என்பதைக் கண்டு வருவோம்.

பெயரிலேயே ஓய்வு

முதலில் நகரத்தின் பெயரைக் கேளுங்கள். மெக்ஸிகோவின் மெரிதாவுக்கு முன்னரே ஸ்பெயினில் ஒரு மெரிதா உண்டு. கி.மு. 25இல் ரோமப் பேரரசர் அகஸ்டஸ், போர்ப்பணி முடித்த தம் படைவீரர்களைக் குடியமர்த்துவதற்காக அந்நகரை எழுப்பினார். பணிக்காலத்தை நிறைவு செய்தவனை லத்தீன் மொழியில் 'எமெரிட்டஸ்' என்பர். ஓய்வு பெற்ற பேராசிரியருக்கு இன்றும் பல்கலைக்கழகங்கள் வழங்கும் பட்டம் இதுவே. அச்சொல்லால் 'எமெரிட்டா அகுஸ்தா' என்று பெயர் பெற்ற நகரமே காலப்போக்கில் மெரிதா ஆயிற்று. ஓய்வு பெற்றோரின் நகரம் என்பதே அப்பெயரின் பொருள்!

ஸ்பெயினின் மெரிதா முஸ்லிம் வரலாற்றிலும் இடம் பெற்ற நகரமாகும். கி.பி. 713இல் மூஸா இப்னு நுஸைர் அதை முற்றுகையிட்டபோது அவருக்கு வயது எழுபதுக்கும் மேல். சமாதானம் பேச வந்த தூதர்கள் முதல்நாள் அவரை வெண்தாடியுடன் கண்டனர். மறுமுறை வந்தபோது தாடி மருதாணியால் சிவந்திருந்தது. மூன்றாம் முறை அது கறுத்திருந்தது. 'விரும்பியபோது இளமைக்குத் திரும்பும் மனிதரோடு நாம் போரிட இயலாது' என்று தம் மக்களிடம் அவர்கள் சொன்னார்களாம், நகரமும் பணிந்ததாம். இது அரபு வரலாற்றாசிரியர்கள் சுவைபடக் கூறும் கதை. பின்னர் ஹிஜ்ரி 220இல், அதாவது கி.பி. 835இல், இரண்டாம் அப்துர் ரஹ்மான் அங்கே ஆற்றோரமாகக் கட்டிய கோட்டை இன்றும் நிற்கிறது.

இப்பெயர் கடல் கடந்தது எவ்வாறு? 1542 ஜனவரி 6ஆம் நாள் ஸ்பானியர்கள் யுகத்தானில் ஒரு நகரை நிறுவினர். அவர்கள் வந்தது வெற்று நிலத்துக்கு அன்று. அங்கே 'தோ' என்ற மாயா மக்களின் பழம்பெரும் நகரம் இருந்தது. அதன் பெருங்கற்களால் ஆன கட்டடங்களைக் கண்டபோது ஸ்பெயினின் மெரிதாவிலுள்ள ரோமச் சிதைவுகள் அவர்களின் நினைவுக்கு வந்தன. ஆகவே அதே பெயரைச் சூட்டினர். பிறகு அக்கட்டடங்களைப் பிரித்தெடுத்த கற்களைக் கொண்டே 1598இல் முடிவுற்ற தங்கள் தேவாலயத்தையும் மாளிகைகளையும் கட்டிக்கொண்டனர்.

வெயிலுக்கு இசைந்த ஒரு நாள்

இனி அந்நகரின் ஒரு தெருவுக்குள் செல்வோம். தெருக்களுக்குப் பெயரில்லை, எண்களே உண்டு. இரட்டைப்படை எண்கள் வடக்கு தெற்காகவும், ஒற்றைப்படை எண்கள் கிழக்கு மேற்காகவும் செல்கின்றன. ஆகவே புதிதாக வந்த கிழவரும் வழி தவறுவதில்லை.

இங்கே ஒரு முதியவரை நாம் பின்தொடர்வோம். குளிர்நாட்டில் பல்லாண்டு வேலை பார்த்து, மனைவியை இழந்து, ஓய்வூதியத்துடன் இங்கு வந்து குடியேறியவர் என்று கொள்ளுங்கள். இவர் தனியொருவர் அல்லர். அங்கு வாழும் பலரின் சாயலே இவர். இவருக்கு அடுத்த வீட்டில் மாயா வழிவந்த ஒரு மூதாட்டி இருக்கிறார். பாட்டியை யுகத்தானில் 'சிச்சி' என்று அழைப்பர். நாமும் அவரைச் சிச்சி என்றே அழைப்போம்.

விடியற்காலையில் சிச்சி தம் வாயிலைப் பெருக்கி நீர் தெளிக்கிறார். கழுத்தோரத்திலும் கீழ்விளிம்பிலும் வண்ணப் பூவேலை செய்த வெண்ணிற அங்கி அணிந்திருக்கிறார். 'உய்ப்பில்' என்னும் அவ்வுடை மாயாப் பெண்டிரின் மரபுடை. நம் முதியவர் பையை எடுத்துக்கொண்டு லூக்காஸ் தெ கால்வெஸ் சந்தைக்குப் புறப்படுகிறார். வெயில் ஏறுமுன் வேலையை முடித்துவிட வேண்டும் என்பதே இந்நகரின் முதல் பாடம். ஏப்ரல், மே மாதங்களில் வெப்பம் 40 பாகையைத் தாண்டும் நாட்களும் உண்டு.

சந்தையில் குவிந்திருப்பவற்றைப் பாருங்கள். சப்போட்டா! அது நமக்கு அயலான பழமா என்ன? ஆனால் அதன் தாயகம் இந்த யுகத்தானும் அதைச் சூழ்ந்த நாடுகளுமே. அம்மரத்தின் பாலிலிருந்துதான் முற்காலத்தில் மெல்லும் கோந்து செய்தனர். மிளகாயும் பப்பாளியும் கொய்யாவும் சீத்தாப்பழமும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து நம் வீடுகளுக்கு வந்தவையே. பதிலுக்கு நம் பக்கத்துப் பண்டம் ஒன்றும் அங்கே சென்றுள்ளது. வெயிலுக்கு இதமாக முதியவர் வாங்கிப் பருகும் குளிர்ந்த புளிப் பானகத்துக்கு அங்கே 'தமரிந்தோ' என்று பெயர். 'தமர் ஹிந்தி', அதாவது இந்தியப் பேரீச்சம்பழம் என்று அரபுமொழியில் புளிக்கு வழங்கும் பெயரே அது.

சந்தையில் இவர் காதில் விழும் ஸ்பானியமொழி முழுவதும் இத்தகைய சொற்கள் உண்டு. சர்க்கரைக்கு 'அசுகார்', அரபியில் 'சுக்கர்'. எண்ணெய்க்கு 'அசெய்த்தே', அரபியில் 'ஸைத்'. அரிசிக்கு 'அர்ரோஸ்', அரபியில் 'அருஸ்'. எண்ணூறு ஆண்டு அந்தலுஸ் வாழ்வு ஸ்பானியரின் நாவில் விட்டுச் சென்ற சொற்கள், அவர்களுடைய கப்பல்களில் ஏறி இந்த மாயா மண்ணுக்கும் வந்து சேர்ந்தன. நல்லதொன்று நடக்க வேண்டுமென்று ஆசைப்படும்போது அங்குள்ளோர் 'ஓஹலா' என்கின்றனர். 'அல்லாஹ் நாடினால்' என்னும் பொருளுடைய அரபுத் தொடரின் திரிபே அது. சொல்பவருக்கு அதன் பிறப்பு தெரியாது. ஆயினும் நாள்தோறும் சொல்கிறார்.

திரும்பும் வழியில் ஒரு தள்ளுவண்டி. கோதுமையும் இறைச்சியும் சேர்த்துப் பொரித்த 'கிபி' அதில் விற்கப்படுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து லெபனானைச் சேர்ந்த மக்கள் இங்கு வந்து குடியேறினர். அவர்களுள் பெரும்பாலோர் கிறித்தவர். உதுமானியப் பேரரசின் கடவுச்சீட்டுடன் வந்தமையால் ஊரார் அவர்களைத் 'துருக்கியர்' என்றனர். கூடையில் துணி சுமந்து வீடுவீடாக விற்றவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஊரின் பெரிய வணிகர்களுள் இடம் பெற்றுள்ளனர். அவர்களின் தாய்நாட்டு உணவோ தெருவோர உணவாகி, மெரிதாவின் சொந்தப் பண்டமாகவே ஆகிவிட்டது.

நண்பகல் உணவுக்குப்பின் தெருக்கள் வெறிச்சோடுகின்றன. பழைய வீடுகளின் சுவர்கள் தடித்தவை. கூரைகள் மிக உயர்ந்தவை. நடுவே திறந்த முற்றம் உண்டு. சுவர்களில் எதிரெதிராக இரும்புக் கொக்கிகள் பதித்திருப்பார்கள். எதற்கென்று எண்ணுகிறீர்கள்? 'ஹமாக்கா' எனும் வலை ஊஞ்சலைக் கட்டுவதற்கு. அங்கே பலர் வாழ்நாள் முழுவதும் அதிலேயே உறங்குகின்றனர். கீழும் மேலும் காற்று புகுவதால் உடல் வியர்ப்பதில்லை. கட்டிலை மட்டுமே அறிந்திருந்த நம் முதியவர் முதல் வாரம் இடுப்பு வலியால் துன்புற்றார். பிறகு சிச்சிதான் அவருக்குக் கற்றுக்கொடுத்தார்: நேராக நீட்டிப் படுக்கலாகாது, மூலைவிட்டமாகக் கிடக்க வேண்டும். அன்று முதல் அவர் நன்றாக உறங்கினார்.

மாலைப்பொழுதின் நாற்காலிகள்

வெயில் தாழ்ந்ததும் நகரம் மீண்டும் எழுகிறது. குளித்து, வெளுத்த ஆடை உடுத்தி, நாற்காலியை நடைபாதையில் போட்டு அமர்வது அங்குள்ள முதியோரின் வழக்கம். நகரின் பூங்காக்களிலோ ஒரு விந்தையான இருக்கை உண்டு. வெண்ணிறம் பூசிய இரண்டு இருக்கைகளை எதிரெதிர்த் திசையில் நோக்குமாறு பாம்பின் வளைவுபோல் இணைத்திருப்பார்கள். அதில் அமரும் இருவர் தோள்கள் ஒட்டாமல், ஒருவர் முகத்தை மற்றவர் நேராகப் பார்த்துப் பேசலாம். 'நீயும் நானும்' என்று அதற்குப் பெயர்.

வாரத்தின் ஒவ்வொரு மாலைக்கும் ஊராட்சி ஏதேனும் ஒன்றை வைத்திருக்கிறது. செவ்வாய் இரவில் சந்தியாகோ சதுக்கத்தில் பழைய இசைக்குழு வாசிக்க, ஐம்பது ஆண்டுகள் இணைந்து வாழ்ந்த தம்பதியர் கைகோத்து வருவர். வியாழன் இரவில் சாந்தா லூசியா பூங்காவில் யுகத்தானின் மரபுப் பாடல்களைக் கேட்கலாம். 1965இல் தொடங்கிய நிகழ்ச்சி அது. ஞாயிறன்று நடுச்சதுக்கத்தைச் சூழ்ந்த சாலைகளில் வண்டிகளை நிறுத்திவிட்டு மக்களுக்கென்றே திறந்துவிடுகின்றனர். எதற்கும் கட்டணமில்லை. இவற்றின் சிறப்பு ஆடல் பாடலில் இல்லை, வாசகர்களே! 'இன்று நான் போகவேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அங்கே என்னைத் தேடுவோர் சிலர் இருக்கின்றனர்' என்ற எண்ணத்தை அவை ஒரு முதியவருக்குத் தருகின்றன. மருந்துக் கடையில் அதை வாங்க முடியுமா?

ஆண்டின் சுற்று

ஆண்டு பிறந்ததும் ஜனவரி 6இல் வளையம்போன்ற இனிப்பு ரொட்டியை வீடுதோறும் அறுப்பர். அதனுள் சிறு பொம்மை ஒளிந்திருக்கும். எவர் துண்டில் அது கிடைக்கிறதோ அவர் பிப்ரவரி 2ஆம் நாள் மற்றவர்களுக்கு விருந்தளிக்க வேண்டும். நகரின் பிறந்தநாளும் அதே ஜனவரி 6தான். அடுத்து வருவது களியாட்ட ஊர்வலம். முன்பு அது நகரின் அகன்ற மொந்தெஹோ பெருஞ்சாலையில் நடந்தது. 2014 முதல் நகருக்கு வெளியே ஷ்மத்குயில் திடலுக்கு மாறிவிட்டது.

ஏப்ரலும் மேயும் கொடிய கோடை. வசதியுள்ளோர் சுமார் 35 கிலோமீட்டர் வடக்கே புரோகிரேஸோ கடற்கரைக்குச் செல்வர். ஜூனில் மழை வந்ததும் மண் குளிரும். ஆயினும் அம்மண்ணில் ஓர் ஆறுகூட ஓடுவதில்லை. யுகத்தான் முழுவதும் சுண்ணாம்புப் பாறை. மழைநீர் உள்ளிறங்கி நிலத்தடியில் ஓடுகிறது. பாறை இடிந்த இடங்களில் தெளிந்த நீர்க்கிணறுகளாக அது வெளிப்படும். மாயா மக்கள் அவற்றைத் தெய்வத்தன்மை உடையனவாகப் போற்றினர். ஆகஸ்ட், செப்டம்பரில் சூறாவளி அச்சம். 2002 செப்டம்பரில் இசிதோர் சூறாவளி தாக்கியபோது நகரின் மரங்கள் வேரோடு சாய்ந்தன. பல நாட்கள் மின்சாரம் இல்லை. அத்தகைய நாட்களில் தனித்து வாழும் முதியவரின் கதவைத் தட்டுவது உறவினர் அல்லர், அண்டை வீட்டாரே!

நவம்பரில் வடகாற்று வீசத் தொடங்கும். வெப்பம் 20 பாகைக்குக் கீழே இறங்கினால் சிச்சி கம்பளியைப் போர்த்திக்கொள்வார். பனிநாட்டு முதியவரோ அரைக்கைச் சட்டையுடன் சிரிப்பார். டிசம்பர் இறுதியில் சிறுவர்கள் பழைய சட்டையிலும் கால்சட்டையிலும் வைக்கோலைத் திணித்து ஒரு கிழவன் பொம்மை செய்து, வாயிலில் நாற்காலியில் உட்கார வைப்பர். வழிப்போக்கரிடம் அவன் பெயரால் காசு கேட்பர். 31ஆம் நாள் நள்ளிரவில் அப்பொம்மையைக் கொளுத்துவர். கழிந்த ஆண்டே அந்தக் கிழவன். முதன்முறை அதைக் கண்ட முதியவர்கள் சிலருக்கு நெஞ்சு துணுக்குறுவது இயல்பு. ஆனால் கொளுத்திய சிறுவர்களே மறுநாள் காலை உண்மையான கிழவரின் முன்வந்து, கைபற்றி வாழ்த்துக் கூறுகின்றனர்.

நாணயத்தின் மறுபக்கம்

இதுவரை இனிமையைக் கூறினேன். கசப்பையும் கூறாவிட்டால் அது நேர்மையாகாது.

நடுச்சதுக்கத்தின் தெற்கே மொந்தெஹோ மாளிகை உள்ளது. நகரை நிறுவிய குடும்பத்தின் இல்லம் அது. அதன் வாயில் முகப்பில், கவசமணிந்த வீரர்கள் மனிதத் தலைகளின்மீது கால் ஊன்றி நிற்பதாகச் செதுக்கியுள்ளனர். வந்தவர்கள் இருந்தவர்களை எவ்வாறு நடத்தினார்கள் என்பதற்கு அக்கல்லே சாட்சி. பின்னர், எனெக்கேன் என்னும் நார்க்கற்றாழையிலிருந்து கயிறு திரித்து உலகெங்கும் விற்றுப் பெருஞ்செல்வம் சேர்த்தனர். பெருஞ்சாலையோர மாளிகைகள் அச்செல்வத்தில் எழுந்தவை. தோட்டங்களில் கடனால் பிணைக்கப்பட்டு உழைத்தவர்களோ மாயா மக்கள்.

இன்று வாளேந்தி எவரும் வருவதில்லை, ஓய்வூதியத்துடன் வருகின்றனர். கடற்கரையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள் அயல்நாட்டார் நேரடியாக நிலம் வாங்க மெக்ஸிகோவின் அரசியல் சட்டம் இடம் தருவதில்லை. மெரிதா அவ்வெல்லைக்குள்தான் உள்ளது. ஆயினும் வங்கி அறங்காவல் வாயிலாக வீடு வாங்க வழி உண்டு. டாலரில் வருவாய் உள்ளவருக்கு மலிவாகத் தோன்றும் பழைய வீடு, பெசோவில் கூலி பெறுபவருக்கு எட்டாக் கனியாகிறது. வாடகை உயர்கிறது, சிச்சியின் பேரன் நகரின் ஓரத்துக்குக் குடிபெயர்கிறான். மெக்ஸிகோவின் 65 வயது நிறைந்த குடிமக்களுக்கு அரசு வழங்கும் முதியோர் உதவித்தொகை 2024இல் இரு மாதங்களுக்கு 6,000 பெசோ. சிச்சி அதைக் கொண்டு நாட்களை எண்ணி வாழ்கிறார். ஒரே தெருவில், ஒரே வெயிலில், இரண்டு முதுமைகள்!

ஆகவே அங்கு குடியேறும் முதியவரின் முன்னே இரண்டு வழிகள் உண்டு. உயர்ந்த மதிலுக்குள் குளிரூட்டியைப் போட்டுக்கொண்டு, தம் மொழி பேசுவோரோடு மட்டும் பழகி, ஊரைக் காட்சிப் பொருளாகப் பார்த்து வாழ்வது ஒன்று. ஊர்மொழியைத் தட்டுத்தடுமாறியாவது கற்று, அண்டை வீட்டுக் கடைக்காரருக்குக் காலை வணக்கம் கூறி, வேலை செய்தவருக்கு உரிய கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்து, நோயுற்றவரை விசாரித்து வாழ்வது மற்றொன்று. முதல்வழியில் சென்றவர் பத்தாண்டு வாழ்ந்தாலும் பயணியே. இரண்டாம் வழியில் சென்றவர் எவ்வளவு விரைவில் ஊராராகிறார் என்பதை, நான் இதுவரை கூறாமல் வைத்திருந்த ஒரு விழா காட்டும்.

தனி ஆன்மாவுக்கு ஒரு தட்டு

அக்டோபர் 31 முதல் நவம்பர் 2 வரை யுகத்தானில் 'ஹனால் பிஷான்' கொண்டாடுகின்றனர். மாயாமொழியில் 'ஆன்மாக்களின் உணவு' என்று பொருள். முதல்நாள் இறந்த குழந்தைகளுக்கு. இரண்டாம் நாள் பெரியவர்களுக்கு. மூன்றாம் நாள் அனைவருக்கும். வீட்டைத் துப்புரவு செய்து, மேசைமீது பூவேலைத் துணி விரித்து, மெழுகுவத்தி ஏற்றி, ஒரு குவளை நீரும் பழங்களும் மறைந்தவர் விரும்பி உண்டவையும் வைப்பர். மக்காச்சோள மாவினுள் கோழியும் பன்றி இறைச்சியும் வைத்து, வாழையிலையில் பொதிந்து, சுட்ட கற்களுடன் குழியில் புதைத்து வேகவைக்கும் 'பிப்' என்னும் பணியாரமே அதில் தலையாயது. இறந்தோர் குறித்த நம் நம்பிக்கை வேறு. அவ்வுணவும் நமக்கு ஆகுமானதன்று. எனினும் அம்மேசையில் உள்ள ஒன்றை நாம் கவனித்தல் நலம்.

குடும்பத்தாருக்கு வைத்த தட்டுகளோடு மற்றொரு தட்டும் இருக்கும். அது எவருக்கு? நினைத்துப் பார்க்க ஒருவரும் இல்லாத 'தனி ஆன்மா'வுக்கு. பெயர் தெரியாத, பிள்ளைகள் இல்லாத, ஊரைவிட்டு எங்கோ மாண்டவனுக்கும் ஒரு பங்கு உண்டு என்பது அவ்வேழை வீடுகளின் அறம்.

அவ்வாண்டு சிச்சியின் மேசையில் ஒரு புதிய பெயர் எழுதிய தாளைக் காண்கிறார் நம் முதியவர். குளிர்நாட்டு மண்ணில் அடங்கிய அவர் மனைவியின் பெயர் அது. மாலை நாற்காலியில் அமர்ந்து, அரைகுறை ஸ்பானியத்தில் அவர் எப்போதோ கூறியதைச் சிச்சி மறக்கவில்லை. அருகே தனி ஆன்மாவின் தட்டும் இருக்கிறது. தாமும் இறந்தபின் அத்தட்டுக்கே உரியவர் என்றுதான் அவர் எண்ணியிருந்தார். அவர் கண்களைத் துடைத்துக்கொள்வதைக் கண்டு சிச்சி ஒன்றும் பேசாமல் ஒரு நாற்காலியை இழுத்துப் போடுகிறார்.

வாசகர்களே! ஓய்வு பெற்ற வீரர்களுக்கு ரோமப் பேரரசர் நிலம் கொடுத்தார், வீடு கொடுத்தார், நகருக்கு அவர்கள் பெயரையே கொடுத்தார். ஆனால் முதுமைக்கு வேண்டியது நிலமும் வீடும் மட்டும்தானா? நம் பெயரை நினைவில் வைத்திருக்கும் ஒரு நெஞ்சும், நமக்கென இழுத்துப் போடும் ஒரு நாற்காலியும் வேண்டாமா? அவை கிடைக்கும் இடமே முதியவருக்குச் சொந்த ஊர். அவற்றைப் பிறருக்குக் கொடுக்க நமக்கு அறுபது வயது ஆகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் தெருவிலும் மாலைநேரத்தில் தனித்து அமர்ந்திருக்கும் பெரியவர் ஒருவர் இருப்பார். இன்று மாலை அவரருகே சற்றுநேரம் அமர்ந்து, அவர் கதையைக் கேட்டு வாருங்கள்.